விரும்பி வந்தவர்கள்

மார்ச் 3

சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகளும் நலம்தான். காலையில் சாப்பிட்டது வயிற்றில் தங்குவதில்லை, மத்தியானம் அதற்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறாள். மே மாதம் பத்தாம் தேதிக்குப் பக்கமாகப் பிறக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் பிரசவத்துக்கு வரப்போவதில்லை என்று போனில் சொன்னீர்களாமே. போனை வைத்துவிட்டு அவள் சமையலறையில் போய் நின்று அழுதாள். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு நீங்கள் வந்திருந்த நான்கு நாளும் உங்களுக்கு என்ன குறை வைத்தோம்? கட்டில் ஆடியது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மறுநாளே ஆணி அடித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் முப்பது வருஷமாக நர்ஸாக இருப்பவர் நீங்கள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியவர் சொந்தப் பேரப்பிள்ளையை வாங்க வரமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? எங்கள்மேல் கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம் உண்டு.

நாம் எல்லோரும் பாலத்தில் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். உங்கள் முகம் மட்டும் வெயிலில் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. மற்றபடி நல்ல படம்.

உங்கள் சம்பந்தி

மார்ச் 14

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டிலைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை.

என் முகம் சுருங்கியது வெயிலால் அல்ல. கல்யாணத்துக்கு மறுநாள் காலை எங்களை உங்கள் பாலத்துக்கு அழைத்துப் போனீர்கள். நீங்கள் ஆயுள் முழுக்கப் பெயிண்ட் அடித்த பாலம். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் முனை துருப்பிடித்துவிடும், மறுபடி முதலிலிருந்து சுரண்ட வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த பெருமையை நான் கவனித்தேன். அப்புறம் அங்கிருந்த பித்தளைப் பலகையைக் கைக்குட்டையால் துடைத்து, "இதுல உங்க நாட்டைப் பத்தியும் எழுதியிருக்கு, இது பக்கத்துல நில்லுங்க" என்று என்னை நிற்க வைத்தீர்கள். மரியாதை செய்வதாக நினைத்துத்தான் செய்தீர்கள், எனக்குத் தெரியும். அதனால்தான் நின்றேன்.

அந்தப் பலகையில், போர்க்காலத்தில் அண்டை நாட்டுத் தொழிலாளர்கள் விரும்பி வந்து கட்டிக்கொடுத்த பாலம் என்று இருக்கிறது. என் அப்பா அவர்களில் ஒருவர். சந்தை நாளில் வாளி வாங்கப் போனவரை உங்கள் ராணுவ லாரியில் ஏற்றினார்கள். இரண்டு குளிர்காலம் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூணுக்கு அடித்தளம் போட்டார். கூடப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அப்பா திரும்பினார். ஆனால் தெருவில் யாராவது வீடு கட்டிச் சுத்தியல் சத்தம் கேட்டால் ஊரைவிட்டு வெளியே நடக்கப் போய்விடுவார், சத்தம் ஓய்ந்த பிறகுதான் வருவார்.

போர் முடிந்ததும் அந்தப் பலகையின் படம் எங்கள் நாட்டுப் பத்திரிகையில் வந்தது. 'விரும்பி வந்து' என்ற வார்த்தையை எங்கள் ஊர் நம்பியது. பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த பெயர் 'எதிரிக்குப் பாலம் கட்டினவன் மகள்'. அப்பா சாகும்வரை அவர் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து உங்கள் பாராளுமன்றத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். கட்டாயப்படுத்தித்தான் கொண்டுபோனோம், மன்னியுங்கள் என்று உங்கள் நாடு சொல்ல வேண்டும். அது சொல்லாதவரை அந்தப் பாலத்தை இன்னொரு முறை கடப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உங்கள் ஊருக்கு ரயில் அது வழியாகத்தான் வருகிறது. வேறு காரணம் இல்லை.

சம்பந்தி

மார்ச் 22

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் அப்பாவுக்கு நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கே நிற்க வைத்திருப்பேனா? படத்தைக் கழற்றிவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாலம் கட்டி முடிந்தபோது நான் பிறக்கவே இல்லை. இப்போது பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பிறக்கவில்லை. செய்தவர்கள் செத்துவிட்டார்கள், பட்டவர்களும் பெரும்பாலும் போய்விட்டார்கள். செய்யாதவன் படாதவனிடம் மன்னிப்புக் கேட்டால் அது நாடகம் மாதிரி இல்லையா? இப்படி ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்? எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான், நான் பார்த்ததில்லை. உங்கள் விமானம் போட்ட குண்டில் கடைத்தெருவில் செத்துப்போனான். என் அம்மா கடைசிவரை அவன் சட்டையை மடித்து வைத்திருந்தாள். அவளிடம் உங்கள் நாட்டிலிருந்து யார் வந்து மன்னிப்புக் கேட்டார்கள்? நாங்கள் அதற்காக உங்கள் வீட்டில் பெண் எடுக்காமல் இருந்தோமா?

இன்னொன்று. வேலை செய்த எல்லோருக்கும் கூலி கொடுக்கப்பட்டது என்றுதான் எங்கள் ஆபீஸில் சொல்வார்கள். உங்கள் அப்பா கூலி வாங்கவில்லையா?

நாடுகளின் சண்டையை நாடுகள் பார்த்துக்கொள்ளட்டும். நடுவில் என் மருமகள் எதற்கு அழ வேண்டும்?

உங்கள் சம்பந்தி

மார்ச் 29

சம்பந்தி அவர்களுக்கு,

வாங்கினார். ஒரு நாளைக்கு ஒரு துண்டு காய்ந்த ரொட்டி. காய்ச்சல் வந்து படுத்தால் அதுவும் இல்லை.

கல்யாணத்தன்று என் தங்கை வீட்டுக்காரரிடம் நீங்கள் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "இவ்வளவு பெரிய பாலத்தை நாங்க ரெண்டே வருஷத்துல கட்டினோம்" என்றீர்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் கட்டிய பாலம் அது. பெருமையென்றால் அது 'நாங்க'. செத்தவர்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் 'நான் அப்போது பிறக்கவே இல்லை'. நாடு என்பது உங்களுக்கு வேண்டும்போது வந்து வேண்டாதபோது போய்விடுமா?

மகளிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். கால் வீங்கினால் உயரமாக வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சம்பந்தி

ஏப்ரல் 18

சம்பந்தி அம்மாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். முதல் வாரம் கோபத்தில் எழுதவில்லை. அடுத்த வாரம் என் வீட்டுக்காரி உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, "கூலி வாங்கலையான்னு கேட்டீங்களா? ஒரு பொம்பளைகிட்ட அவ அப்பாவைப் பத்தி இப்படியா கேப்பீங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது.

மூன்றாவது வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நாங்கள் பாலத்து ஆட்கள் நாலைந்து பேர் தினமும் உட்காருவோம். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, பாலம் எப்போது கட்டியது என்று கேட்டார். என் வாய் பழக்கதோஷத்தில், "நாங்க ரெண்டே வருஷத்துல..." என்று ஆரம்பித்துவிட்டது. அதற்குமேல் ஓடவில்லை. டீயைக் குடிப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

பிறகு பாலத்தில் நடந்தேன். தூண்களைத் தண்ணீர்மட்டம் வரைக்கும் எனக்குத் தெரியும். எங்கே துரு சீக்கிரம் பிடிக்கும், எங்கே குருவி கூடு கட்டும் என்பதெல்லாம் தெரியும். தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நினைத்ததில்லை. ஆண்டுவிழாவுக்கு முந்தின நாள் அந்தப் பலகையைப் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. எழுத்து பளபளவென்று தெரிய வேண்டும் என்று தேய்ப்பேன்.

சம்பந்தி அம்மா, நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கூலியைப் பற்றிக் கேட்டதற்கும், பாலத்துக்கும், எல்லாவற்றுக்கும். பாராளுமன்றம் எப்போது கேட்குமோ, கேட்காதோ. என்னால் முடிந்தது இதுதான். இதை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உங்கள் சம்பந்தி

ஏப்ரல் 25

சம்பந்திக்கு,

கூலி விஷயத்துக்கு நீங்கள் கேட்ட மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். அது நீங்கள் செய்தது. மற்றதை உங்களிடமே திருப்பி அனுப்புகிறேன். அதை நீங்கள் செய்யவில்லை. உங்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, சம்பந்தி. உண்மையைச் சொன்னால், அந்த டீக்கடையில் நீங்கள் குனிந்து உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

ஏன் நாடுதான் கேட்க வேண்டும் என்கிறேன் தெரியுமா? நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் சம்பந்தி நல்ல மனுஷன், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்பார்கள். 'விரும்பி வந்து' என்று பித்தளையில் எழுதியது உங்கள் அரசாங்கம். அது தவறு என்று அதே அரசாங்கம் சொன்னால்தான் என் அப்பா விரும்பிப் போகவில்லை என்று ஆகும். எனக்கு அழுகையும் வேண்டாம், மாலையும் வேண்டாம். அந்த ஒரு விஷயத்தை ஊரறியச் சொன்னால் போதும்.

இதில் எங்கள் நாட்டை உத்தமம் என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பி வந்த அப்பாவை எங்கள் ஆட்களே நான்கு மாதம் அடைத்து வைத்து விசாரித்தார்கள். அடையாள அட்டையில் 'சந்தேகத்துக்குரியவர்' என்று முத்திரை குத்தினார்கள். அதனால் அரசு வேலை கிடைக்கவில்லை. அதற்கு அவர்களும் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் ஆட்கள்தானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். உங்கள் அண்ணனுக்காகவும் எங்கள் நாடு கேட்க வேண்டும். அப்படி ஒரு மனு வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான். அப்பாவைக் கொண்டுபோனபோது அவனுக்குக் கைக்குழந்தை வயசு, அப்பா திரும்பிய பிறகுதான் நான் பிறந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னை அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவனை அடித்தார்கள். பதினெட்டு வயசில் வீட்டை விட்டுப் போனான். பெண் கொடுத்த வீட்டில், அப்பா சிப்பாய், போரில் செத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறான். உயிரோடு இருந்த அப்பாவை. அப்பா காரியத்துக்கும் வரவில்லை. நான் அவனைத் திட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். அவன் அந்தப் பலகையைத்தான் நம்பினான்.

மகளுக்கு இதெல்லாம் பாதிதான் தெரியும். பிரசவம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

சம்பந்தி

மே 2

சம்பந்தி அம்மாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நேற்றிலிருந்து உங்களுக்குப் போன் லைன் கிடைக்கவில்லை. நேற்று மருமகளுக்கு ரத்த அழுத்தம் கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்கிறார். என் பையன் அதைக் கேட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறான். அவள் உங்களைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், அது எங்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

பாலத்தைப் பற்றி இனி உங்களிடம் வாதாடமாட்டேன். பாலத்தைத் தொடாமல் வருவதற்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ஆறு கடலில் சேரும் ஊர்வரை பஸ். அங்கே படகுத்துறையில் காலை ஏழு மணிக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கும் படகு. இக்கரையில் இறங்கினால் எங்கள் ஊருக்குப் பஸ். ரயிலைவிட ஒரு பகல் கூடுதலாகும். இக்கரைப் பஸ்ஸும் படகும் நான் போன வாரமே ஏறிப் பார்த்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள். படகில் ஏறும் பலகை வழுக்குகிறது, ஆளைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். அக்கரைக் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, இக்கரையில் உள்ளதற்குப் போகாதீர்கள். முன் பக்கம் உட்கார்ந்தால் தண்ணீர் தெறிக்கும்.

முப்பத்தைந்து வருஷம் பாலத்தில் சம்பளம் வாங்கியவன் படகுக்கு ஆள் சேர்க்கிறேன் என்று என் வீட்டுக்காரி சிரிக்கிறாள்.

கடிதம் உங்கள் கைக்கு வந்ததும் புறப்படுங்கள். ஐந்தாம் தேதியிலிருந்து இரண்டு படகுக்கும் இக்கரையில் நிற்பேன். நீங்கள் எந்த நாளில் வந்தாலும் அங்கே இருப்பேன்.

உங்கள் சம்பந்தி

ஜூன் 27

சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் போனதிலிருந்து பேத்தி ராத்திரியில் எங்களைத் தூங்க விடுவதில்லை. நீங்கள் தூக்கினால் எப்படி அடங்கினாள் என்று தெரியவில்லை. முதுகில் தட்டும் தட்டு அதே மாதிரிதான் தட்டுகிறேன் என்று நினைக்கிறேன். அவள் அப்படி நினைக்கவில்லை. மருமகள் நன்றாக இருக்கிறாள். பிரசவத்தன்று டாக்டர்கள் இரண்டு மணி நேரம் தயங்கியபோது, உடனே குழந்தையை எடுக்கச் சொல்லி நீங்கள் பிடித்த பிடியைத்தான் இன்னும் வார்டில் பேசுகிறார்களாம்.

இங்கே இருந்த ஆறு வாரமும் நாம் இருவரும் அந்த விஷயத்தைப் பேசவில்லை. குழந்தைத் துணி காயவில்லை என்பதைப் பற்றியே பேசினோம். திரும்பும்போது நீங்களாகவே ரயில் டிக்கெட் எடுக்கச் சொன்னீர்கள். நான் வாயைத் திறக்காமல் எடுத்து வந்தேன். பாலத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

நீங்கள் போன மறுவாரம் உங்கள் மனுவை விசாரிக்கும் கமிட்டி எங்கள் ஊருக்கு வந்தது. பாலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டார்கள். மற்றவர்கள், பழைய கதை, எங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். அது பொய்யும் இல்லை. என் முறை வந்தபோது, அந்தப் பலகையை வருஷா வருஷம் நான்தான் தேய்த்தேன், அதில் எழுதியிருப்பது உண்மையில்லை, அதை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். என் பேத்தியின் கொள்ளுத்தாத்தா அங்கே தண்ணீரில் நின்றார் என்றேன். வேறென்ன சொல்வது?

இப்போது டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துவிடுகிறார்கள். முப்பது வருஷம் ஒரே சாரத்தில் நின்று பெயிண்ட் அடித்தவர்கள். ஒருவன் மட்டும், "நம்ம பாலத்தை நீயே அசிங்கப்படுத்திட்டியே" என்றான். மனசு வலிக்கிறது, பொய் சொல்வானேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மார்ச் மாதத்தில் நானும் அதைத்தானே உங்களுக்கு எழுதினேன்.

அடுத்த மாதம் பாராளுமன்றத்தில் முடிவு சொல்வார்களாம். என்ன வரும் என்று தெரியவில்லை.

உங்கள் சம்பந்தி

ஜூலை 19

சம்பந்திக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கடப்பதில்லை என்று இருந்தவள்தான், பேத்தியைக் கையில் வாங்கிய பிறகு, அப்பா கட்டியதை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. பாலத்தில் ரயில் மெதுவாகத்தான் போயிற்று. ஜன்னலைத் திறந்து தூண்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றுகூடச் சாயவில்லை. அப்பா செய்த வேலை சுத்தமாக இருக்கிறது. பெயிண்ட்டும் பரவாயில்லை.

டீக்கடை விஷயம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் பேச்சு நிற்பது எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டி வந்திருக்கக் கூடாது. நீங்கள் தினமும் போய் அதே இடத்தில் உட்காருங்கள். எழுந்து போகிறவர்கள் எத்தனை நாளைக்கு நின்றுகொண்டே டீ குடிப்பார்கள்?

செவ்வாய்க்கிழமை உங்கள் பாராளுமன்றத்தில் படித்ததை நானும் ரேடியோவில் கேட்டேன். நீங்கள் கேட்டிருப்பீர்கள். உங்கள் பிரதமர் மழை நிலவரம் படிப்பதுபோல் படித்தார். பாதி நாற்காலி காலி என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். மூன்று நிமிஷம்கூட இல்லை. ஆனால் கட்டாயப்படுத்திக் கொண்டுபோனோம் என்று சொன்னார். யாரும் விரும்பி வரவில்லை என்று சொன்னார். நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். பலகையை மாற்றுவார்களாம். நான் அழுவேன் என்று நினைத்து அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். அழுகை வரவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்காகவா என் மகளை இரண்டு மாதம் அழவிட்டேன் என்றுகூடத் தோன்றியது. ரேடியோவை நிறுத்திவிட்டுத் துணி மடித்தேன். நீங்கள் முதலில் சொன்ன மாதிரி எல்லாம் நாடகம்தானோ என்று உங்களுக்கு எழுதலாம் என்றிருந்தேன்.

சாயங்காலம் போன் அடித்தது. எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "சொல்லுங்க" என்றேன். அப்புறம் ஒரு கிழவன் குரல், "நான்தான்" என்றது. எனக்குப் புரியவில்லை. என்னை வீட்டில் அப்பாவும் அவனும் மட்டும் கூப்பிடும் பெயரைச் சொன்னான். அப்போதுதான் அண்ணன் என்று தெரிந்தது.

ரேடியோ கேட்டானாம். அதைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு, "அப்பாவை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, சம்பந்தி.

ஸ்டேஷனில் இறங்கி ஆஸ்பத்திரி ரோட்டில் நேராகப் போய், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே திரும்பி என்று இடுகாட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. "நீ ஸ்டேஷன்லயே நில்லு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறான். போனை வைக்கப் போனவன், வைக்காமல், "பிள்ளைகளையும் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

சம்பந்தி